இரண்டாவது வளையம்

மார்ச் 1, சனி

காலை வெறும் வயிற்றில் 168. இட்லி மூன்று.

டாக்டரம்மா இந்த நோட்டைக் கொடுத்து, சர்க்கரை அளவு, சாப்பாடு, கை கால் நிலவரம் எல்லாவற்றையும் தினமும் எழுதி மாதக் கடைசியில் கொண்டுவரச் சொன்னார். சாப்பாட்டை மட்டும் எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடும். பக்கம் பெரிதாக இருக்கிறது. அதனால் கடை விஷயத்தையும் எழுதப் போகிறேன், அவர் வேண்டாததைத் தள்ளிவிட்டுப் படித்துக்கொள்ளட்டும்.

பெயர் சிவனணைந்தபெருமாள். வயது ஐம்பத்தாறு. தூத்துக்குடி மீன்பிடி துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒர்க்‌ஷாப். குட்டி யானை வண்டிகளுக்கு ஆயில் மாற்றுவதுதான் முக்கால்வாசி வேலை. மீனும் ஐஸும் ஏற்றும் வண்டிகள், உப்பு மூட்டை ஏற்றும் வண்டிகள்.

கை கால் மரத்துப்போவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை.

மார்ச் 3, திங்கள்

161. தோசை மூன்று. சாயங்காலம் வடை ஒன்று, சின்னது.

இன்று ஜெனோவா வேலைக்குச் சேர்ந்தாள். வயது முப்பத்தாறு இருக்கும். வீட்டுக்காரர் தன் மீன்பிடி வள்ளத்தை விற்றுவிட்டுக் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார். அந்த வள்ளத்து எஞ்சினுக்குப் பத்து வருஷம் ஆயில் மாற்றியவள் இவள்தானாம். ஏன் நீ, அவர் செய்யவில்லையா என்று கேட்டேன். வள்ளத்துக்குள் எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில் கோழி நுழையக்கூட இடம் இருக்காது, அவர் கை பெரிய கை என்றாள்.

சரி பார்ப்போம் என்று உப்பள வண்டி ஒன்றைக் காட்டினேன். டாக்டரம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். குட்டி யானைக்கு எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால் மேலே கொஞ்சம் தெரியும். ஆயில் ஃபில்டரோ சேஸுக்கும் சைலன்சர் குழாய்க்கும் இடையில் ஒளிந்துகொண்டிருக்கும். கை நுழையும், கண் நுழையாது. குழி வெட்டி வண்டிக்கு அடியில் நின்று செய்யலாம் என்றால் எங்கள் தெருவில் நாலடி தோண்டினாலே உப்புத் தண்ணீர் வந்துவிடும். ஆகவே ஒரு பக்கச் சக்கரங்களை ஸ்லீப்பர் கட்டை மேல் ஏற்றிவிட்டு, பழைய ஜவுளிக்கடை பேனரை விரித்துப் படுத்துக்கொண்டுதான் எல்லாம்.

அவள் படுத்தாள். ஒரு கையைச் சக்கரத்துப் பக்கமாக விட்டாள். பிறகு எழுந்து வந்து மேலே சீட்டு ஓட்டை வழியாக இன்னொரு கையை விட்டுப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வருகிறதா என்று கிண்டலாகக் கேட்டேன்.

"பாக்க முடியாத இடத்துல கண்ணத் திறந்து வச்சா கை குழம்பும், அண்ணாச்சி" என்றாள்.

ஒரு பாலிதீன் பையை ஃபில்டருக்கு உறை மாதிரி மாட்டிக் கழற்றினாள். ஒரு சொட்டு கீழே விழவில்லை. முப்பது வருஷமாக நான் கழற்றும்போது முழங்கை வரை எண்ணெய் வழியும். அதுதான் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, புதன்

172. வடை எதுவும் இல்லை.

ஜெனோவா நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தாள், தவக்காலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாளைக்கு டீ கிடையாதாம். மற்றவர்கள் குடிக்கும் நேரத்தில் அவள் ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்குகிறாள்.

சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறாள். ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றினால் வளையமும் அதோடு வர வேண்டும். சில சமயம் சூட்டில் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம் ஏறிவிடும். இறுக்கும்போது இறுகினது போலத்தான் இருக்கும், பிறகு எஞ்சின் அழுத்தத்தில் எண்ணெய் முழுவதும் பீய்ச்சி வெளியே போய்விடும். கண்ணால் பார்க்க முடியாத இடம் என்பதால் விரலால் தடவிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

அதனால் ஒவ்வொரு வண்டியிலும் பழைய வளையத்தை உரித்து எடுத்து ஆணியில் மாட்டுகிறாள். சனிக்கிழமை எண்ண வேண்டும். இத்தனை வண்டி, இத்தனை வளையம். இவ்வளவு எளிதான காரியம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மார்ச் 8, சனி

158. நல்ல பிள்ளையாக இருந்ததற்கு அத்தாட்சி.

வண்டி பத்தொன்பது, வளையம் பத்தொன்பது.

மார்ச் 10, திங்கள்

165. இட்லி மூன்று.

உலகம்மாள், என் மனைவி, சாப்பாடு பரிமாறும்போது என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலுக்குக் கீழே எட்டணா அளவுக்குக் கொப்புளம். எப்போது சுட்டுக்கொண்டீர்கள் என்றாள். சைலன்சர் குழாயாக இருக்கும் என்றேன். சுடும்போது தெரியவில்லையா என்றாள். வேலை மும்முரத்தில் இதெல்லாம் யார் கவனிப்பது.

கை நிலவரம்: ஒரு கொப்புளம். மற்றபடி ஒன்றும் இல்லை.

மார்ச் 12, புதன்

170.

ஒரே கூட்டம். ஏழு வண்டி. ஜெனோவா ஒரு வண்டியின் எண்ணெயை வடிக்கிற, துருப்பிடித்த டிரெயின் போல்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உப்பு தின்ற போல்ட், ஸ்பானர் வழுக்கிக்கொண்டே இருந்தது. நானாக இருந்தால் சுத்தியலை எடுத்திருப்பேன். அவள் எண்ணெயை விட்டு, எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, முக்கால் மணி நேரம் பொறுமையாக இருந்து, கடைசியில் இரண்டு விரலால் கழற்றி எடுத்தாள். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

அதற்குள் தோபியாஸ் வண்டியை விட்டுவிட்டு மீன் ஏலத்துக்குப் போய்விட்டார். நண்டும் இறாலும் திருச்செந்தூர் பக்கம் கொண்டுபோகிறவர், பதினைந்து வருஷப் பழக்கம். அவர் வண்டியை நானே செய்தேன். நல்லபடியாக முடிந்தது.

சாயங்காலம் இன்றைய வளையங்களை எண்ணினேன். ஆறு. ஒன்று எங்காவது விழுந்திருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

அளவு பார்க்கவில்லை.

மத்தியானம் தோபியாஸின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஆறுமுகநேரி தாண்டி எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டதாம். வெயிலில் ஆயில் விளக்கு எரிந்தது அவர் கண்ணில் படவில்லை. அடியில் எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. பெட்டி நிறைய இறால், ஐஸ் உருகி நாற ஆரம்பித்திருந்தது.

தோபியாஸ் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. ஜெனோவாவைப் பார்த்துக் கத்தினார். பொம்பளையிடம் வண்டியைக் கொடுத்தால் இதுதான் கதி என்றார். கூட வந்த டிரைவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். ஜெனோவா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரிடம், கடையில் செய்தது, எஞ்சினைக் கடை இறக்கிச் சரிசெய்து கொடுக்கும் என்று மட்டும் சொன்னாள். அதுதான் சரியான பேச்சு. நானும் அதையே சொன்னேன்.

ஃபில்டரை நான் கழற்றினேன். பழைய வளையம் ஒன்று கிடந்தது. பழசுதானே, சாக்கடைப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டேன்.

மார்ச் 15, சனி

181. சாப்பாடு இறங்கவில்லை.

கடை திறந்தபோது சுவரில் புதிதாக இன்னோர் ஆணி. அதில் ஒரே ஒரு வளையம். கழுவித் துடைத்து மாட்டியிருந்தது.

ஜெனோவா ஸ்பானர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. ஆணி எதற்காக என்று எனக்கு எப்படித் தெரியும்.

மார்ச் 17, திங்கள்

176.

தோபியாஸின் எஞ்சினை இறக்கினோம். கிராங்க் பேரிங் கருகித் தேய்ந்துபோயிருந்தது. கழற்றிய ஒவ்வொரு நட்டையும் ஜெனோவா பழைய முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்து, பக்கத்தில் சாக்பீஸால் எழுதுகிறாள். இந்த எஞ்சின் அவளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்த எஞ்சின். ஆனாலும் அதைத் தொடும்போது அவள் கையில் கோபம் இல்லை. நான் இன்று இரண்டு தடவை வாஷரைத் தவறவிட்டேன். இரண்டு தடவையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்று டிரைவர்கள் வந்தார்கள். அந்தப் பிள்ளை தொடக்கூடாது, நீங்களே செய்வதென்றால் விட்டுப்போகிறோம் என்றார்கள். செய்தேன்.

ஒவ்வொரு தடவை நான் பழைய ஃபில்டரைக் கழற்றியதும், டிரைவர்கள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, ஜெனோவா வந்து அந்த இடத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுப் போனாள். துடைக்கிற துணியை எடுக்க வந்தவள் மாதிரி. மூன்றாவது வண்டியில் அவள் விரலோடு ஒரு வளையம் வந்தது. என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 20, வியாழன்

184. கை நிலவரம் எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

வண்டி ஸ்டாண்டில் பேசிக்கொள்வது இங்கேவரை கேட்கிறது. மெக்கானிக்கம்மா ஆயிலுக்குப் பதில் மீன் குழம்பை ஊற்றிவிட்டாள் என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஜெனோவாவுக்கும் கேட்டிருக்கும். அவள் எஞ்சின் பிளாக்கின் எண்ணெய்த் துளை ஒவ்வொன்றையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஒன்றுகூட விடவில்லை. எனக்கு எழுந்து போய் ஸ்டாண்டில் நாலு வார்த்தை கேட்கலாம் என்று இருந்தது. முழங்கால் வலி, போகவில்லை.

மார்ச் 22, சனி

சாயங்காலம் கை கழுவிக்கொண்டே ஜெனோவா சொன்னாள்.

"அண்ணாச்சி, தோபியாஸண்ணன் எஞ்சின் இன்னும் நாலு நாள் வேலை. முடிச்சுக் குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்."

ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"என் கையில தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். அது போதும்னுதான் இருந்தேன். போதல."

அவ்வளவுதான் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உலகம்மாளைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறேன், உள்ளங்கையிலோ விரல் நுனியிலோ ஏதாவது வை, என்னவென்று சொல்கிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டாள். வை என்றேன். வாஷர், வளையம், ஐம்பது பைசா எல்லாம் மேசையில் இருந்தன. கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து, விரல் நுனியில் இருக்கிறது, வளையம் என்றேன்.

"நான் இன்னும் ஒண்ணும் வைக்கவே இல்லிய" என்றாள் உலகம்மாள்.

கண்ணைத் திறந்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

டாக்டரம்மா, முன்னால் எழுதியதில் பொய் இருக்கிறது. திருத்தி எழுதுகிறேன்.

விரல் மரத்துப்போவது உண்டு. போன ஆனியிலிருந்து எட்டு மாதத்துக்கு மேலாக உண்டு. முதலில் கால் விரல், தீபாவளிக்குப் பிறகு கை. கொப்புளம் போட்ட அன்று எப்போது சுட்டது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. சட்டைப் பொத்தானை உலகம்மாள்தான் போட்டுவிடுகிறாள். தோள் வலி என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன்.

12ஆம் தேதி தோபியாஸ் வண்டியில் பழைய வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நான் தடவிப் பார்த்தேன். பார்த்தேன் என்பது உண்மை, விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதும் உண்மை. அதன்மேல் புதியதை மாட்டினேன். சாயங்காலம் ஆறு வளையத்தை எண்ணியபோதே சந்தேகம் வந்தது. அப்போதே அவருக்குப் போன் போட்டிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும். 14ஆம் தேதி ஃபில்டரில் இரண்டு வளையம் இருந்தது. யாரும் பார்க்குமுன் ஒன்றை எறிந்தேன். ஜெனோவா பார்த்திருக்கிறாள். சாக்கடை ஓரத்திலிருந்து எடுத்துக் கழுவி மாட்டியவள் அவள்தான்.

இன்று காலை மாதா கோயில் பூசை முடிந்து டிரைவர்கள் எல்லாரும் ஸ்டாண்டில் கூடும் நேரத்துக்குப் போனேன். அந்த வளையத்தை எடுத்துக்கொண்டு போனேன். தோபியாஸ் இருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

கடைசியில் தோபியாஸ் கேட்டார்.

"ஒரு வாரமா அந்தப் பிள்ளைய நாங்க வாய்க்கு வந்தபடி பேசினோம். நீங்க கேட்டுக்கிட்டுத்தான இருந்திய?"

ஆமாம் என்றேன். பதினைந்து வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எஞ்சின் போனதற்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

மூத்த டிரைவர் ஒருவர், அப்படியென்றால் இனிமேல் உங்கள் கடைக்கு வருவதா வேண்டாமா என்று கேட்டார்.

"கடைக்கு வாங்க. என் கைக்கு வராதீங்க" என்றேன்.

திரும்பி நடந்தபோது முழங்கால் வலிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் வலிக்கவில்லை, அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் 24, திங்கள்

179.

ஜெனோவா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். ஸ்டாண்டில் நடந்தது அதற்குள் அவள் வீடு வரை போயிருக்கிறது. இரண்டாவது ஆணி காலியாக இருந்ததைப் பார்த்தாள். குறடை எடுத்து அந்த ஆணியைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மன்னிச்சுக்கோம்மா என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடுங்கள் என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வண்டியும் வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

மாதக் கடைசி வரை காத்திருக்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஒரு பக்கம் விடாமல் படித்தார். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். நரம்பு இனி முழுவதும் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது, மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு வடையை நிறுத்த வேண்டும் என்றார். சூடான எதையும் தொடக்கூடாது. மாத்திரை மாற்றினார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்த ஜெனோவா வேலைக்கு வருகிறாளா, நின்றுவிட்டாளா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வரை என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். தொடர்ந்து எழுதுங்கள் என்றார்.

ஒரு வண்டியும் வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

152. தோசை இரண்டு. நிஜமாகவே இரண்டு.

எஞ்சினை வண்டியில் ஏற்றியாயிற்று. அதற்கு முன் பேரிங்கைப் பொருத்தும்போது ஜெனோவா முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றி, எங்காவது பிடிக்கிறதா என்று காதும் விரலுமாகக் கவனிக்கிறாள். நான் பார்த்த மெக்கானிக்குகளில் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர், நான் உள்பட. ஆனால் கெட்டிக்காரத்தனத்தில் சீக்கிரம் முடித்துவிடப் பார்ப்போம். இவள் ஒரு வேலையை முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால் தன்னையே சந்தேகப்படுகிறாள். இதை அவளிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

149.

பத்து மணிக்குத் தோபியாஸ் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட ஸ்டாண்டு ஆட்கள் நாலைந்து பேர் வந்து ஓரமாக நின்றார்கள். ஆயில் ஊற்ற வேண்டும், ஃபில்டர் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. புது ஃபில்டர் அட்டைப் பெட்டியோடு மேசையில் இருந்தது. தோபியாஸ் அதை எடுத்தார். எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் ஜெனோவா கையில் கொடுத்தார்.

அவள் புது வளையத்தில் எண்ணெய் தடவினாள். படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் அந்த இடத்தைச் சுற்றித் தடவினாள். பிறகு மறுபடியும் ஒரு சுற்று. மாட்டி இறுக்கினாள்.

"அண்ணாச்சி, மேல ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. விளக்கப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு தடவை இருமிப் பிடித்தது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் அணைந்தது. அணைந்துவிட்டது என்று சத்தமாகச் சொன்னேன். நிறுத்த வேண்டாம், ஓடட்டும் என்று கீழேயிருந்து குரல் வந்தது.

தோபியாஸ் வெள்ளைச் சட்டையோடு பேனரில் படுத்து அவளுக்குப் பக்கத்தில் நகர்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சின் சத்தத்துக்கு நடுவிலும் சீட்டுக்கு அடியிலிருந்து அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

"ஏம்மா, அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பியளாண்ணே?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் அப்படியே இருவரும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். நான் மேலே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். எனக்குக் கண்ணீர் வந்தது, டாக்டரம்மா, துடைக்கவில்லை.

"ஒரு சொட்டு இல்ல. அணைங்க அண்ணாச்சி" என்றாள் ஜெனோவா.

தோபியாஸ் எழுந்து சட்டையைத் தட்டினார். முதுகெல்லாம் எண்ணெய். ஓரமாக நின்ற டிரைவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று அவளிடம் கேட்டார். புதுசாகச் செய்த எஞ்சின், ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு தடவை மாற்ற வேண்டும் என்றாள். அவர் அப்போதும் சாவியை வாங்கவில்லை. இன்னும் ஏதோ கேட்க வேண்டும் போல நின்றார். நானும்தான், இனி வேலைக்கு வருவாளா என்று கேட்கத் துணிவில்லாமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜெனோவா பனியன் வேஸ்ட் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"ஓட்டிட்டு வாங்கண்ணே. நான் இங்கதான் இருப்பேன்" என்றாள்.